எத்தனை மில்லிமீற்றர் போதும்?

அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்று கைத்துவக்கு ஒன்றை வாங்க விரும்பும் மனிதர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும். எந்தத் துவக்கு? எந்தக் கலிபர்? கலிபர் என்பது குழாயின் உள்விட்டம். ஆகவே, அதனூடாகப் பாயும் சன்னத்தின் பருமன். .380, 9 மில்லிமீற்றர், .40, .45 என்று இலக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் எது 'போதும்' என்பதையிட்டு அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாகச் சளைக்காமல் வாதாடி வருகிறார்கள். புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, சஞ்சிகைகள் வெளிவருகின்றன, விடுமுறை நாட்களில் வகுப்புகள் நடக்கின்றன.

துவக்கைச் சீருடைக்காரரின் தோளிலும் இயக்கக்காரரின் தோளிலும் மாத்திரமே கண்டு வளர்ந்த எமது தலைமுறைக்கு இது விநோதமான உலகம். செருப்பு வாங்குபவர் காலைப் பார்ப்பதுபோல, தனது இடுப்பின் பருமனுக்கும் உடுப்பின் தளர்வுக்கும் பொருந்தும்படியாக ஒருவர் கொலைக்கருவியொன்றைத் தெரிவுசெய்கிறார். இதை எள்ளி நகையாடுவது எளிது; நியாயமானதல்ல. பியூ ஆய்வு மையம் 2023 இல் நடாத்திய கருத்துக்கணிப்பில், துவக்கு வைத்திருப்போருள் 72 சதவீதமானோர் பாதுகாப்பை ஒரு பிரதான காரணமாகக் கூறியிருந்தனர். பொலிஸ் வந்துசேர நெடுநேரமெடுக்கும் ஒதுக்குப்புறத்தில் தனித்து வாழும் கிழவரும், கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய முன்னாள் கணவனுக்கு அஞ்சி வேலைக்குப் போய்வரும் பெண்ணும் அத்தொகையுள் அடங்குவர். அவர்களது பயம் பொய்யானதல்ல.

என்னை உறுத்துவது வேறொன்று. தற்காப்பு பற்றிய சட்டம் எங்கும் ஒரு கணத்தையே பிரதானமாக விசாரிக்கிறது. சுட்டவருக்கு அந்தக் கணத்தில் உயிரச்சம் இருந்ததா, அந்த அச்சம் நியாயமானதா என்றே அது கேட்கிறது. அச்சம் மனிதனின் பொறுப்பைக் குறைக்கிறது. சில வேளைகளில் முற்றாக நீக்கியும் விடுகிறது. ஆனால், துவக்குக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு அச்சமில்லை. அவரைத் துரத்தி வருபவர் எவருமில்லை. அவர் ஆறுதலாக நின்று கையில் எடுத்துப் பார்க்கிறார், பாரத்தை ஒப்பிடுகிறார், விலை பேசுகிறார். எதிர்காலத்தில் தன்னெதிரே நிற்கக்கூடிய முகமற்ற ஒரு மனிதனின் உடம்பில் எத்தகைய துவாரம் ஏற்பட வேண்டும் என்பதை முழுப் பிரக்ஞையுடன் முடிவுசெய்கிறார். நம்மிடையே புழங்கும் சொல்லிற் சொல்வதானால், நிய்யத்து அங்கேயே வைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு வரும் இரண்டு செக்கன்கள் அதன் விளைவுதான். தார்மீக விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

தெரிவின் தர்க்கம் எளிமையானது. சிறிய துவக்கு மறையும். ஆனால் கையில் துள்ளும், கொள்ளும் ரவைகளும் குறைவு. பெரியது கைக்கு அடங்கும், சட்டைக்கு அடங்காது. 2008 இல் ரூகர் நிறுவனம் எல்.சி.பி. என்றொரு .380 பிஸ்டலை வெளியிட்டது. காற்சட்டைப் பைக்குள் போட்டால் வெளியே தெரியாது. .380 சன்னத்தின் விட்டமும் 9 மில்லிமீற்றரின் விட்டமும் ஒன்றே. வெடிமருந்துக் கோதுதான் குட்டை, ஆகவே வேகம் குறைவு. 2018 இல் ஸிக் ஸாவர் நிறுவனத்தின் பி365 வந்தது. ஏறத்தாழ அரைக் கிலோ நிறையுடைய அதனுள் பத்து 9 மில்லிமீற்றர் ரவைகள் அடங்கின. அதற்கு முன்னர் அந்தப் பருமனில் ஆறோ ஏழோதான். ஐந்து ரவை கொள்ளும் .38 ரிவோல்வரை ஆண்டாண்டு காலமாகச் சுமந்து திரிந்தவர்கள்கூட அதற்கு மாறினார்கள்.

'போதும்' என்பதை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. பத்து சதவீத ஜெலற்றின் கலந்து இறுகவைத்த கட்டியொன்றினுள் சுட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகமான எஃப்.பி.ஐ.யின் அளவுகோலின்படி சன்னம் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும். 18 ஐத் தாண்டலாகாது. மனிதத் தசைக்குப் பதிலியாக நிற்கும் அந்தக் கட்டிக்கு எலும்பில்லை, பெயருமில்லை. அளவுகோல் பிறந்த கதையோ இரத்தமயமானது. 1986 ஏப்ரல் 11 ஆந் திகதி மியாமியில் இரண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. முகவர்கள் மடக்கினர். ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீற்றர் சன்னம் கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. உயிர்பிழைக்க வழியில்லாத காயம். எனினும் அவன் நிமிடக்கணக்கில் தொடர்ந்து சுட்டான். இரு முகவர்கள் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். சன்னம் ஓர் அங்குலம் மேலதிகமாகப் பாய்ந்திருந்தால் என்ற ஏக்கத்திலிருந்து பெரிய கலிபர்கள் பிறந்தன. 10 மில்லிமீற்றரைச் சோதித்தார்கள். அது பலரது கைக்கு மீறிய உதையாக இருக்கவே 1990 இல் .40 வந்தது, நாடு முழுவதிலும் பொலிஸார் அதை ஏந்தினர்.

அதன் பிறகு நடந்ததுதான் சிந்திக்கத்தக்கது. 2014 இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீற்றருக்கே திரும்பலாம் என்று நியாயங்காட்டியது. நவீன சன்னங்களில் கலிபர்களுக்கிடையிலான காயவேறுபாடு கணிசமானதல்ல என்றும், துவக்குச் சமர்களில் பொலிஸார் சுடும் சூடுகளில் 20 முதல் 30 சதவீதமானவையே ஆளில் படுகின்றன என்றும் அது கூறிற்று. உதை குறைந்தால் குறி தவறாது என்பதே வாதம். கால் நூற்றாண்டு விவாதம் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது. ஆனால், அந்தத் தரவை வேறொரு பக்கமிருந்தும் வாசிக்கலாம். பயிற்சி பெற்றவர் சுடும் பத்தில் ஏழோ எட்டோ குறிதவறுகிறதென்றால், அவை எங்கே போகின்றன? சுவரூடாக, சன்னலூடாக, அடுத்த வீட்டுக்குள். அங்கே இருப்பவர் இந்த விவாதத்தில் எப்போதாவது பங்குபற்றினாரா?

இங்கே இன்னொரு சொல்லையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். 'கொல்வதற்கல்ல, நிறுத்துவதற்கே சுடுகிறோம்' என்பது அமெரிக்கப் பயிற்சி வகுப்புகளின் பாலபாடம். சன்னத்தின் 'நிறுத்தும் வலு' என்றொரு கலைச்சொல்லும் உண்டு. மூளையிலோ முள்ளந்தண்டின் மேற்பகுதியிலோ படாவிட்டால் எந்தக் கைத்துவக்குச் சன்னமும் மனிதனை உடனே நிறுத்துவதில்லை. இதயம் சிதைந்த பின்னரும் பத்துப் பதினைந்து செக்கன்கள் மூளை இயங்கப் போதுமான ஒட்சிசன் எஞ்சியிருக்கும். இதை எஃப்.பி.ஐ.யே 1989 இல் எழுதியிருக்கிறது. அப்படியானால் இந்த 'நிறுத்துதல்' என்ற ஆசை எங்கிருந்து வந்தது? யாரை நிறுத்துவதற்காக இச்சொல் முதலில் தேவைப்பட்டது?

விடை நமக்குச் சற்று அருகில் இருக்கிறது. 1895 இல் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு எல்லையில், சித்ரால் படையெடுப்பின்போது, தமது புதிய லீ மெற்போர்ட் துவக்கின் மெல்லிய சன்னம் பட்டும் பழங்குடிப் போராளிகள் விழாமல் ஓடி வருவதாகச் சிப்பாய்கள் முறைப்பட்டனர். கல்கத்தாவுக்கு அருகே டம் டம் என்ற ஊரிலிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலை இதற்கொரு பரிகாரம் கண்டது. முனையில் ஈயம் வெளித்தெரியும்படி விடப்பட்ட, உடம்பினுள் பூவாக விரியும் சன்னம் அது. 1899 இல் ஹேக் மாநாடு விரியும் சன்னங்களைப் போரில் தடைசெய்ய முனைந்தபோது பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரித்தானியப் பிரதிநிதி ஜோன் ஆர்டாவின் வாதத்தின் சாரம், நாகரிகமடைந்த சிப்பாய் சுடுபட்டால் ஒதுங்கிவிடுவான், வெறிகொண்ட காட்டுமிராண்டியோ ஈட்டியுடன் முன்னேறுவான் என்பதாகும்.

அந்த நூற்றாண்டு முடிந்த கையோடு அதே கதை பிலிப்பைன்ஸின் தெற்கே மீண்டும் நிகழ்ந்தது. மொறோ முஸ்லிம்களை அடக்கச் சென்ற அமெரிக்கப் படையினரின் .38 ரிவோல்வர்கள், சத்தியஞ் செய்துகொண்டு வாளுடன் பாய்ந்து வந்தவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்று அறிக்கைகள் சென்றன. ஸ்பானியர் அவர்களுக்கு வைத்த பெயரே 'சத்தியஞ் செய்தவர்' என்பதுதான். பழைய .45 ரிவோல்வர்கள் மீளவும் விநியோகிக்கப்பட்டன. 1904 இல் தொம்ஸன், லாகார்ட் என்ற இரு இராணுவ அதிகாரிகள் சிக்காகோவின் மாட்டுத் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளையும், வேறாக மனிதப் பிரேதங்களையும் சுட்டுப் பரிசோதித்து, .45 இற்குக் குறைந்தது உதவாது என்று முடிவுரைத்தனர். 1911 இல் அமெரிக்க இராணுவம் .45 பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. இடையில், 1906 மார்ச்சில், ஜோலோத் தீவின் புத் தாஜோ மலைவாயில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கான மொறோக்கள் கொல்லப்பட்டிருந்தனர். அங்கே நிறுத்தும் வலு போதாமற்போகவில்லை.

இன்றைய அமெரிக்கக் கடையில் .45 கேட்பவர் இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு கேட்பதில்லை. அவர்மீது இந்தப் பழியைச் சுமத்துவது அபத்தம். எனினும் சொற்களுக்கு ஞாபகம் உண்டு. சுட்டும் விழாதவன், வலி உணராதவன், வெறி தலைக்கேறியவன் என்ற கற்பனை மனிதனொருவன் இன்றும் அந்த விவாதத்தின் நடுவே நிற்கிறான். மொறோவின் இடத்தைப் போதைப்பொருள் உட்கொண்ட கள்வன் எடுத்துக்கொண்டிருக்கிறான். பின்னவீனத்துவர்கள் 'மற்றமை' என்று எழுதி நம்மைச் சலிப்படையச் செய்திருக்கிறார்கள்தான்; ஆனால் மற்றமைக்கு மில்லிமீற்றரில் ஓர் அளவு குறிக்கப்பட்டிருப்பதை இங்கேதான் காணக்கூடியதாக இருக்கிறது.

விரியும் சன்னத்தைப் பற்றி ஒரு நேர்மையான குறிப்பு அவசியம். போரில் தடைசெய்யப்பட்ட அதே தத்துவம், குழிமுனைச் சன்னம் என்ற பெயரில், அமெரிக்கப் பொலிஸாரினதும் மறைத்துச் சுமப்போரினதும் வழமையான தெரிவாக இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் இது காட்டுமிராண்டித்தனமாகத் தோன்றும். ஆனால் அது விரிவதால் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது; பின்னால் நிற்கும் குழந்தையைத் துளைப்பதற்கான வாய்ப்புக் குறைகிறது. சுடப்படுபவருக்குக் கொடூரம், சுடப்படாதவருக்குக் கருணை. நியூஜேர்ஸி மாநிலம் பொதுமக்கள் அதைச் சுமந்து திரிவதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அங்கே சட்டப்படி சுமப்பவர் எந்தப் பாவத்தைத் தெரிவுசெய்வது என்று இரவில் யோசிக்கக்கூடும்.

தற்காப்பில் கொல்வது பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாகவே எழுதி வந்துள்ளனர். தோமஸ் அக்வைனஸ், தன்னைக் காப்பதே நோக்கமாகவும் மற்றவனின் சாவு நோக்கத்துக்கு வெளியே நிகழ்வதாகவும் இருந்தால், பலப்பிரயோகம் அளவு மீறாதவரையில், குற்றமில்லை என்றார். நமது புகஹாக்கள் தாக்க வருபவனைத் தடுத்தல் என்ற தலைப்பில் படிமுறை வகுத்தனர்: சொல்லால் நிற்பவனைக் கையால் தொடக்கூடாது, கையால் நிற்பவனைத் தடியால் அடிக்கக்கூடாது, தடியால் நிற்பவனை வாளால் வெட்டக்கூடாது. இந்தப் படிகளில் நான் மிகவும் மதிப்பது அவை தரும் அவகாசத்தை. கைத்துவக்கு மாத்திரம் சுமப்பவரிடம் படிகள் இல்லை; தரையும் மொட்டைமாடியும்தான் உண்டு. மிளகுத் தெளிப்பான் ஒன்றையும் கூடவே வைத்திருக்குமாறு வற்புறுத்தும் பயிற்சியாளர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் அக்வைனஸையும் புகஹாக்களையும் படிக்காமலே அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மறைத்தல் என்பது தனிக் கேள்வி. 1813 இல் கென்டக்கியும் லூசியானாவும் மறைத்து ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தன. தடைசெய்யப்பட்டது தாங்குவதல்ல, மறைப்பதே. 1850 இல் லூசியானாவின் உயர் நீதிமன்றம், வெளிப்படையாகத் தாங்குவது ஆண்மைக்குரியது, மறைப்பது இரகசியக் கொலைக்கு இட்டுச்செல்வது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. இன்றைய பார்வை தலைகீழானது: வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு திரிபவரே மற்றவரை மிரட்டுகிறார், மறைத்திருப்பவரே பண்பானவர். 2022 இல் புரூயென் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வீட்டுக்கு வெளியே கைத்துவக்கு சுமப்பதை அரசியலமைப்பு உரிமையென ஏற்றது. அனுமதிப்பத்திரமே இல்லாமல் மறைத்துச் சுமக்க அனுமதிக்கும் மாநிலங்களின் தொகை 2024 இல் 29 ஆயிற்று. அவ்வாண்டு யூலை 4 முதல் அவற்றுள் லூசியானாவும் ஒன்று.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், மறைத்திருப்பவருடன் பேசுபவர் தான் சமமற்ற உரையாடல் ஒன்றில் ஈடுபட்டிருப்பதை அறியமாட்டார் என்பதும் உண்மை. வாகனத் தரிப்பிடத்தில் வாய்த்தர்க்கம் செய்யும் இருவரில் ஒருவருக்கு மாத்திரமே அந்தத் தர்க்கத்தின் உச்சவிலை தெரியும். அம்புகளுடன் சந்தைக்கோ பள்ளிக்கோ வருபவர் அவற்றின் முனைகளைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்று நபிகளார் பணித்ததாக வரும் ஹதீஸில், அறியாமல் எவரும் கீறுபடக்கூடாது என்பதே கரிசனை. சுமப்பவர்மீதே முழுப் பாரமும் விழுகிறது. துவக்கில் பொத்த வேண்டிய முனை எது என்று யோசித்துப் பார்த்தால், அது குழாய்வாய் அல்ல, சுமப்பவரின் மனநிலை என்றே தோன்றுகிறது.

2015 பெப்ரவரி 10 ஆந் திகதி வட கரோலினாவின் செப்பல் ஹில்லில் தியா பரகாத், அவரது புது மனைவி யுஸ்ர் அபூ ஸல்ஹா, தங்கை ரஸான் ஆகிய மூவரையும் அவர்களது வீட்டுக்குள்ளேயே சுட்டுக்கொன்ற அயலவனிடம் மறைத்துச் சுமப்பதற்கான அனுமதிப்பத்திரம் இருந்தது. வாகனத் தரிப்பிடச் சச்சரவு என்றான். அதற்கு முன்னரே ஒருமுறை இடுப்பில் துவக்குடன் அவர்களது வாசலுக்கு வந்திருந்தான் என்று குடும்பத்தினர் கூறினர். 2012 பெப்ரவரி 26 இரவு புளோரிடாவின் சான்போர்டில் பதினேழு வயது ட்ரேவன் மார்ட்டினைப் பின்தொடர்ந்த அயற்காவல் தொண்டரிடம், அப்படிச் செய்யத் தேவையில்லை என்று பொலிஸ் தொலைபேசியில் இருந்தவர் சொல்லியிருந்தார். தொண்டரின் இடுப்பில் ஒரு மெல்லிய 9 மில்லிமீற்றர் பிஸ்டல். ஒரேயொரு சூடு. அடுத்த ஆண்டு ஜூரிகள் அவரை விடுவித்தனர். அவர்கள் விசாரித்தது அந்தக் கடைசிக் கணத்தை. இடுப்பு வெறுமையாக இருந்திருந்தால் அவர் வாகனத்தைவிட்டு இறங்கியிருப்பாரா என்ற கேள்விக்கு எந்த ஜூரியிடமும் விடை கோரப்படுவதில்லை.

எதிரான சாட்சியத்தை மறைத்தால் இது கட்டுரையாகாது, பிரசாரமாகிவிடும். 2022 யூலையில் இந்தியானாவின் கிரீன்வூட் நகரக் கடைத்தொகுதியில் மூவரைக் கொன்றுவிட்ட ஒருவனை, அங்கு பொருள் வாங்க வந்திருந்த இருபத்திரண்டு வயது இளைஞர் தனது 9 மில்லிமீற்றர் பிஸ்டலால் பத்துச் சூடுகளில் வீழ்த்தினார். அன்று அங்கிருந்தோர் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூஸன் நகருக்கருகே ஆறு பேர் கொல்லப்பட்ட சம்பவத்தில் இன்னோர் இளைஞர் துவக்குடன் ஓடி வந்தார். கையில் பிஸ்டலுடன் ஒருவர் நிற்பதைக் கண்டார். பைக்குள் இருந்த தனது துவக்கின் பாதுகாப்புப் பூட்டை ஏற்கெனவே நீக்கியிருந்தார். ஆனால் அதை வெளியே எடுக்கவில்லை, வெறுங்கையால் அம்மனிதரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிஸ்டலை வைத்திருந்தவரோ கொலையாளியிடமிருந்து அதைப் பறித்தெடுத்தவர். இந்த இருவரில் யாரை அதிகம் மெச்சுவது என்று கேட்டால், நான் டூஸன் இளைஞரையே சொல்வேன். முதலாமவரின் செயலுக்குத் திறமை வேண்டும். இரண்டாமவரின் செயலுக்கோ சந்தேகிக்கத் தெரிய வேண்டும். எந்தக் கலிபருடனும் அதைச் சேர்த்து விற்பதில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. 2021 இல் அமெரிக்காவில் துவக்குச் சூட்டால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டவர்கள். முகமற்ற அந்நியனுக்காக வாங்கப்பட்ட துவக்கு, அரைவாசிக்கும் மேற்பட்ட மரணங்களில், வீட்டிலிருந்த மனிதரையே கண்டுபிடித்திருக்கிறது. ஜெலற்றின் கட்டிக்கு முன்னால் நின்று அளந்தவர் எவரும் அளக்காத ஆபத்து இது. விரக்தி பெரும்பாலும் வந்து போகும் தன்மையது. அது கடந்து போகும்வரை துவக்கு கைக்கெட்டாமல் இருந்தால் மனிதர் பிழைத்துக்கொள்கிறார், அவ்வாறு பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னரும் தற்கொலையால் சாவதில்லை என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

2009 இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில், ஒரு வாரத்துக்குள், மூவர் வெவ்வேறாக வந்து துவக்கு வாங்கிச் சென்று சில மணித்தியாலங்களில் உயிரை மாய்த்துக்கொண்டனர். செய்தி கேட்டுக் கலங்கிய கடை உரிமையாளர், துவக்கு எதிர்ப்பாளராக மாறிவிடவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினருடன் அமர்ந்து தம்மைப் போன்ற வியாபாரிகளுக்கான வழிகாட்டுக் குறிப்புகளைத் தயாரிக்க உதவினார். அவை இன்று வேறு மாநிலங்களின் கடைகளிலும் உள்ளன. யாருக்கு விற்கத் தயங்க வேண்டும் என்பதற்கான அடையாளங்களை அந்தக் குறிப்புகள் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று: துவக்குகளைப் பற்றி எதுவும் தெரியாமலும், தெரிந்துகொள்ள ஆவலில்லாமலும் வந்து நிற்கும் வாடிக்கையாளர். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எந்தக் கலிபர் என்று கேளாதவர்.